வண்ணாத்திவில்லுக் கல்லும் மன்னார்க் கடலின் வாயுவும்

வண்ணாத்திவில்லுப் பிரதேசத்து அருவக்காட்டில் சீமெந்துக்காகச் சுண்ணாம்புக்கல் வெட்டிய பெரும் பள்ளங்கள் இருக்கின்றன. வெட்டிய சுவரில் சிப்பியும் சங்கும் கல்லாகிப் பதிந்து கிடக்கின்றன. சுறாவின் பற்கள்கூட அங்கே கிடைத்திருக்கின்றன. ஏறத்தாழ 2 கோடி ஆண்டுகளுக்கு முன்பு, புவியியலாளர் மயோசீன் என்று சொல்லும் காலத்தில், இந்த இடம் ஆழமில்லாத, வெதுவெதுப்பான கடலாக இருந்தது. அந்தக் கடலில் வாழ்ந்து மடிந்த உயிர்களின் ஓடுகள் அடியில் படிந்து, இறுகி, கல்லாயின. புத்தளத்திலிருந்து மன்னார் வழியாக யாழ்ப்பாணம் வரை போகும் சுண்ணாம்புக்கல் வார் அப்படி உருவானதுதான்.

இதே பிரதேசத்தில் இன்னொரு அதிசயமும் உண்டு. ஆழமாகக் குழாய் இறக்கிய சில இடங்களில் நீர்ப்பம்பி இல்லாமலே தண்ணீர் தானாக மேலே ஏறி வரும். இலங்கையின் பெரும்பகுதி கடினமான பழம்பாறை. அதில் வெடிப்புகளுக்குள் ஊறும் நீரைத்தான் எடுக்க முடியும். வண்ணாத்திவில்லில் நிலத்தின் கீழே மணற்கல்லும் சுண்ணாம்புக்கல்லும் களியும் அடுக்கடுக்காகப் படிந்திருக்கின்றன. நீர் புகும் அடுக்கின் மேல் நீர் புகாத களி அடுக்கு மூடியிருப்பதால், உள்ளே அகப்பட்ட நீர் அழுத்தத்தோடு நிற்கிறது. துளை விழுந்ததும் எழும்புகிறது.

இந்த இரண்டையும் புரிந்துகொண்ட ஒருவருக்கு, மன்னார்க் கடலில் நடந்த எண்ணெய்த் தேடலின் பாதியை விளக்கத் தேவையில்லை. அந்த அடுக்குகள் கரையோடு நின்றுவிடவில்லை. மேற்கே கடலுக்குள் போகப் போகத் தடிக்கின்றன. மன்னார்ப் படுகையின் ஆழமான பகுதிகளில் படிவுகளின் தடிப்பு பல கிலோமீற்றர். வண்ணாத்திவில்லு அந்தப் பெரும் படுகையின் கிழக்கு விளிம்பு. தண்ணீரைச் சிறைவைத்த அதே ஏற்பாடுதான் கடலடியில் வாயுவையும் சிறைவைத்திருக்கிறது.

படுகை பிறந்த கதை இன்னும் பழையது. இந்தியா, இலங்கை, மடகஸ்கார், அந்தாட்டிக்கா எல்லாம் கொண்ட்வானா என்ற ஒரே பெருநிலமாக ஒட்டியிருந்த காலத்தில், ஜுராசிக் யுகத்தில், அந்த நிலம் பிளக்கத் தொடங்கியது. பிளவு விழுந்த பள்ளங்களில் ஆறுகள் மண்ணைக் கொண்டுவந்து கொட்டின. அந்த முதல் படிவுகளைப் பார்க்கக் கடலுக்குப் போக வேண்டியதில்லை. புத்தளம் – அநுராதபுரம் பாதையோரத்துத் தப்போவையிலும், தெற்கே ஆண்டிகமவிலும் ஜுராசிக் காலத்துச் செடிகளின் இலைப்பதிவுகளைத் தாங்கிய படிவுகள் இன்றும் இருக்கின்றன. இந்தியாவும் இலங்கையும் விலகத் தொடங்கி, முழுவதும் பிரியாமல் இடையில் நின்றுபோயின. அந்த அரைகுறைப் பிளவுதான் மன்னார் வளைகுடாவும் பாக்கு நீரிணையும். தமிழ்நாட்டின் காவிரிப் படுகையும் அதே பிளவின் பிள்ளை.

எண்ணெயோ வாயுவோ உருவாகித் தேங்க மூன்று பொருத்தங்கள் வேண்டும். உயிர்ச்சத்து நிறைந்த பழஞ்சேறு ஆழத்தில் புதைந்து, பூமியின் சூட்டில் பல கோடி ஆண்டுகள் வேக வேண்டும். அதிலிருந்து கசிவது தங்குவதற்கு மணற்கல் போன்ற நுண்துளைப் பாறை வேண்டும். அது மேலே தப்பிவிடாமல் இறுக்கமான மூடுபாறை வேண்டும். மூன்றில் ஒன்று பிசகினாலும் கிணறு வெறும் உப்புநீரைத்தான் காட்டும். மூன்றும் சரியான வரிசையிலும் நடந்திருக்க வேண்டும். வாயு கசிந்து போன பிறகு மூடி வந்து பயனில்லை.

இலங்கையில் இந்தப் பொருத்தத்தைத் துளைத்துத் தேடும் வேலை 1970களில் மன்னார்த் தீவின் பேசாலையில் தொடங்கியது. சோவியத் ஒன்றியத்தின் உதவியோடு இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனம் அங்கே மூன்று கிணறுகளைத் துளைத்தது. பிறகு பாக்கு நீரிணையிலும் மன்னார் வளைகுடாவின் ஆழமற்ற பகுதியிலும் வெளிநாட்டுக் கம்பனிகள் சில கிணறுகளைத் துளைத்தன. முத்துக்குளிப்புக்குப் பேர்போன வளைகுடாவில் 1981இல் துளைத்த கிணற்றுக்கு ‘பேர்ள்-1’ என்றே பெயர் வைத்தார்கள். எதிலும் வணிகத்துக்கு உதவும் எண்ணெய் அகப்படவில்லை. அதோடு கம்பனிகள் கிளம்பின. உள்நாட்டுப் போரும் மூண்டது. இருபது ஆண்டுகளுக்கு இந்தக் கடலின் அடியை யாரும் தீவிரமாகப் பார்க்கவில்லை.

2001 முதல் நோர்வேயைச் சேர்ந்த ரிஜிஎஸ்-நோபெக் நிறுவனம் மன்னார்ப் படுகையில் நில அதிர்வு அளவீடு செய்தது. கப்பலின் பின்னால் கிலோமீற்றர் கணக்கில் நீளும் கேபிள்கள் இழுபடும். கப்பலிலிருந்து அழுத்தக் காற்றை நீருக்குள் வெடிப்பதுபோல் விட, அந்த ஒலி கடலடியைத் துளைத்து ஒவ்வொரு பாறை அடுக்கிலும் பட்டுத் திரும்பும். கேபிளில் உள்ள ஒலிவாங்கிகள் அதைப் பதிந்துகொள்ளும். திரும்பிவர எடுத்த நேரத்தை வைத்து அடுக்குகளின் வரைபடம் தயாராகும். 2003இல் பெற்றோலிய வளச் சட்டம் வந்தது. 2007இல் மூன்று பகுதிகள் ஏலத்துக்கு விடப்பட்டன. அவற்றில் ஒன்றை கெய்ர்ன் இந்தியா பெற்று, 2008 ஜூலையில் ஒப்பந்தம் செய்தது.

2011 ஓகஸ்டில் துளையிட வந்த கப்பல் சாதாரணமானதல்ல. ஜப்பானின் ‘சிக்யூ’, பூகம்பங்கள் பிறக்கும் ஆழத்தை ஆராய்வதற்காகக் கட்டப்பட்ட அறிவியல் கப்பல். அதே ஆண்டு மார்ச்சில் ஜப்பானைச் சுனாமி தாக்கியபோது அது ஹச்சினோஹே துறைமுகத்தில் பள்ளிக்கூடப் பிள்ளைகளைச் சுற்றிக்காட்ட ஏற்றிக்கொண்டு நின்றது. பிள்ளைகள் தப்பினார்கள், கப்பல் சேதப்பட்டது. செப்பனிட்டு வந்த அந்தக் கப்பல்தான் மன்னார் வளைகுடாவின் ஆழ்கடலில் நங்கூரம் இல்லாமல், இயந்திர விசையால் ஒரே இடத்தில் நின்று துளையிட்டது.

கெய்ர்ன் தன் கிணறுகளுக்கு மீன்களின் பெயர்களை வைத்தது. முதல் கிணறு டொராடோ. அங்கே கடலின் ஆழம் மட்டுமே 1,354 மீற்றர். அதற்குக் கீழே பாறையைத் துளைத்து, கப்பலிலிருந்து 3,000 மீற்றர் ஆழத்தைத் தாண்டியபோது சுமார் 25 மீற்றர் தடிப்பில் ஹைட்ரோகார்பன் தாங்கிய மணற்கல் தென்பட்டது. பெரும்பாலும் இயற்கை வாயு. 2011 ஒக்டோபர் 2ஆம் திகதி செய்தி வெளியானது. இலங்கையின் வரலாற்றில் அதுதான் முதல் கண்டுபிடிப்பு. அடுத்த மாதமே பராக்குடா என்ற இரண்டாவது கிணற்றில், 1,509 மீற்றர் ஆழக் கடலுக்கு அடியில், 4,000 மீற்றருக்கும் கீழே இன்னொரு வாயுத் தேக்கம் அகப்பட்டது. மூன்றாவது கிணறான டொராடோ வடக்கு வெறுமையாக முடிந்தது. 2013இல் துளைத்த நான்காவது கிணறான வல்லகோவும் அப்படியே.

நான்கில் இரண்டு. யாரும் துளைத்திராத ஆழ்கடலில் ஐந்து கிணற்றில் ஒன்று பலித்தாலே கம்பனிகள் மனநிறைவு கொள்ளும். அந்தக் கணக்கில் இது அருமையான பேறு. ஆனால் 2014 நடுப்பகுதியில் பீப்பாய்க்கு நூறு டொலருக்கு மேல் நின்ற எண்ணெய் விலை சரிந்தது. 2016 தொடக்கத்தில் முப்பது டொலருக்கும் கீழே போனது. கெய்ர்ன் 2015இலேயே விலகிக்கொண்டது. கிணறுகள் சீமெந்தால் அடைபட்டுக் கிடக்கின்றன. கண்டுபிடித்த வாயுவில் ஒரு அடுப்பு எரியுமளவுகூடக் கரைக்கு வரவில்லை.

இங்கேதான் மக்களிடம் ஒரு கேள்வி எழுகிறது. வாயு இருக்கிறது என்று தெரிந்த பிறகும் ஏன் எடுக்கவில்லை? யாரோ தடுத்துவிட்டார்கள், வல்லரசுகள் சதி செய்தன என்ற பேச்சுகள் தேர்தல் காலங்களில் கிளம்புவதற்கு இந்தக் கேள்விக்கு யாரும் பொறுமையாகப் பதில் சொல்லாததுதான் காரணம்.

பதில் படுகையின் வயதில் இருக்கிறது. பாறையின் வயதைச் சொல்லவில்லை. மனிதர் அதை அறிந்துகொண்ட வயதைச் சொல்கிறோம். வட கடலில் நோர்வே தன் முதல் பெரிய எண்ணெய் வயலான எக்கோஃபிஸ்கை 1969 டிசெம்பரில் கண்டது. அன்று முதல் அந்தக் கடலில் ஆயிரக்கணக்கான கிணறுகள் துளைக்கப்பட்டுவிட்டன. கடலடியில் குழாய்கள் வலைபோல் ஓடுகின்றன. மேடைகள், துறைமுகங்கள், பழகிய தொழிலாளர், வாங்கக் காத்திருக்கும் நாடுகள் எல்லாம் அங்கே தயார். பிரித்தானியப் பகுதியில் உற்பத்தி 1999இல் உச்சம் தொட்டு இறங்கத் தொடங்கியது. பெரிய வயல்களெல்லாம் கண்டாயிற்று என்று பலரும் நினைத்திருந்தபோது, 2010இல் நோர்வேப் பகுதியில் யொஹான் ஸ்வெர்ட்ரூப் என்ற பெரும் வயல் அகப்பட்டது. 1960களிலிருந்து தேடிச் சலித்த கடல் அது. பழைய கிணறுகளின் தரவைப் புதிய கண்ணால் பார்த்ததால்தான் அது சாத்தியமாயிற்று. 2019 ஒக்டோபரில் எண்ணெய் வரத் தொடங்கியது.

அவ்வளவு தூரம் போக வேண்டாம். ஆந்திரக் கரைக்கு அப்பால் கிருஷ்ணா – கோதாவரிப் படுகையில், ரிலையன்ஸ் 2002இல் கே.ஜி. டி-6 பகுதியில் பெரும் வாயுவைக் கண்டது. 2009 ஏப்ரலில் உற்பத்தி தொடங்கி, அடுத்த ஆண்டு நாளொன்றுக்கு ஏறத்தாழ 6 கோடி கனமீற்றர் வரை ஏறியது. பல பத்தாண்டுகள் வரும் என்று நாடே நம்பியது. மூன்றே ஆண்டுகளில் அது நான்கில் ஒரு பங்கு அளவுக்குச் சரிந்தது. தேக்கப் பாறை எதிர்பார்த்தபடி நடந்துகொள்ளவில்லை. முதல் வயல்கள் 2020இல் மூடப்பட்டன. அதே 2020 டிசெம்பரில், அதே பகுதியில், 2,000 மீற்றருக்கும் ஆழமான கடலில் ஆர்-கிளஸ்டர் என்ற புதிய வயலிலிருந்து வாயு வந்தது. முன்பு போட்டுவைத்த மேடையையும் குழாய்களையுமே அது பயன்படுத்திக்கொண்டது. முதிர்ந்த படுகையில் தோல்வியும் வீணாவதில்லை. அது விட்டுப்போன குழாய் அடுத்த வயலுக்கு வழியாகிறது.

டொராடோவுக்கு அந்த வசதி எதுவும் இல்லை. எண்ணெயாக இருந்தால் மிதக்கும் கப்பலில் நிரப்பி விற்கலாம். வாயுவைக் கரைசேர்க்கக் கடலடிக் குழாய் வேண்டும். கரையில் சுத்திகரிப்பு நிலையம் வேண்டும். நீண்ட காலத்துக்கு வாங்குவேன் என்று கையெழுத்திடும் மின்நிலையம் வேண்டும். இத்தனை செலவையும் நடுத்தர அளவிலான ஒரு தேக்கம் தனியாகச் சுமக்க வேண்டும். தமிழ்நாட்டுக் கரைக்கு அப்பால் பிஒய்-1 என்ற சிறு வாயு வயல் பிழைத்ததற்குக் காரணமே, ஆழமற்ற கடலும், கரையில் பிள்ளைபெருமாள்நல்லூரில் தயாராக நின்ற மின்நிலையமும்தான்.

இன்னொரு தடை பாறைக்குள் இருக்கிறது. மன்னார்க் கிணறுகளில் சிலவற்றில் படிவுகளுக்கு நடுவே எரிமலைக் குழம்பு உறைந்த அடுக்குகள் குறுக்கிட்டன. தக்காணம் எரிமலைக் குழம்பால் மூடப்பட்டதற்கு முன்பின்னான காலத்தவை அவை. நில அதிர்வு ஒலி அவற்றில் பட்டுச் சிதறுவதால், கீழே இருப்பது மங்கலாகவே தெரிகிறது. மங்கலான படத்தை வைத்துக்கொண்டு, கோடிக்கணக்கான டொலர் செலவாகும் ஒரு ஆழ்கடல் கிணற்றை எங்கே துளைப்பது என்று தீர்மானிக்க வேண்டும். அதனால்தான் பழைய தரவை இன்றைய கணினிகளால் மீண்டும் அலசுவது புதிதாகத் துளைப்பதற்குச் சமமான வேலை. மேடைப் பேச்சுகளில் அள்ளிவிடப்படும் ‘நாட்டின் கடனை அடைத்துவிடலாம்’ என்ற கணக்குகளை மக்கள் நம்ப வேண்டியதில்லை. அவை துளைத்துப் பார்க்காத பாறைக்குள் இருக்கக்கூடும் என்று கணித்த அளவுகள். கண்டுபிடித்தது வேறு, கணித்தது வேறு.

ஆனாலும் இந்தத் தேடலைக் கைவிடச் சொல்ல முடியாது. வண்ணாத்திவில்லிலிருந்து களப்புக்கு அப்பால் பார்த்தால் நுரைச்சோலை அனல்மின் நிலையம். 300 மெகாவாட் வீதம் மூன்று அலகுகள். நாட்டின் மிகப் பெரிய மின்நிலையம். அது எரிக்கும் நிலக்கரி முழுவதும் வெளிநாட்டிலிருந்து டொலர் கொடுத்து வாங்கியது. 2022இல் டொலர் தீர்ந்தபோது நாடு நாளுக்கு 13 மணித்தியாலம் வரை இருட்டில் கிடந்ததை யாரும் மறக்கவில்லை. கெரவலப்பிட்டியில் இயற்கை வாயுவில் ஓடக்கூடிய மின்நிலையங்கள் கட்டப்பட்டிருக்கின்றன. வாயு நிலக்கரியைவிடக் குறைந்த புகையும், ஏறத்தாழ பாதி அளவு கரியமில வாயுவும் விடுவது. சூரியனும் காற்றும் இல்லாத நேரத்துக்குக் கைகொடுக்கச் சொந்தக் கடலின் வாயு இருந்தால், அது பெரிய பலம்.

அந்தப் பலத்துக்கு யார் விலை கொடுப்பது என்பதுதான் கரையோரத்துக் கேள்வி. கற்பிட்டியிலிருந்து சேரக்குளி, கங்கேவாடி, காரைதீவு வரை கடலையும் களப்பையும் நம்பியவர்கள் வாழ்கிறார்கள். 1990இல் வடக்கிலிருந்து விரட்டப்பட்டு வந்து இங்கே வாழ்வைத் திரும்பக் கட்டியவர்களும் அவர்களுள் உண்டு. களா ஓயா கடலைச் சேரும் இடத்துக் கண்டல் காடு இறாலுக்கும் மீனுக்கும் தாய்வீடு. கற்பிட்டிக்கு அப்பால் உள்ள பவளப்பாறைத் தொகுதி 1992இல் கடல்சார் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. ஆழ்கடல் தொடங்கும் விளிம்பில் டொல்பின்களும் விந்துத் திமிங்கிலங்களும் கூட்டமாக வருகின்றன. திமிங்கிலம் ஒலியால் வழி காண்பது. அளவீட்டுக் கப்பலின் ஒலி அதற்குச் சிறிய இடையூறு அல்ல.

காலநிலையும் இங்கே மோதுகிறது. கச்சான் காற்று வீசும் மாதங்களில் இந்தக் கடல் கொந்தளிக்கும். நுரைச்சோலைக்கு நிலக்கரி இறக்குவதும் கடல் தணிந்த மாதங்களில்தான். அளவீட்டுக் கப்பலும் அந்த அமைதியான காலத்தையே தேடி வரும். மீனவனுக்கும் அதுதான் தொழில் காலம். கிலோமீற்றர் கணக்கில் கேபிள் இழுக்கும் கப்பலுக்கு வழிவிட வேண்டும் என்றால், வலைகளை எடுத்துக்கொண்டு விலக வேண்டியவன் அவன்தான். இழந்த நாட்களுக்கு யார், எந்தக் கணக்கில், எப்போது தருவார்கள் என்பது கப்பல் வருவதற்கு முன்பே எழுத்தில் இருக்க வேண்டும்.

இது வெறும் அச்சமல்ல, அனுபவம். 2021 மே மாதத்தில் கொழும்புக்கு அப்பால் எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் தீப்பற்றி, ஜூனில் மூழ்கியது. பிளாஸ்டிக் மணிகள் மேற்குக் கரையெங்கும் ஒதுங்கின. மீன்பிடி நின்றது. 100 கோடி டொலர் இழப்பீடு கொடுக்கும்படி உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது 2025 ஜூலையில். நான்கு ஆண்டுகள். நாளாந்தம் உழைத்து அடுப்பெரிக்கும் வீடு அவ்வளவு காலம் காத்திருக்க முடியாது. ஆழ்கடல் துளையிடலில் என்ன நடக்கக்கூடும் என்பதற்கு 2010இல் மெக்சிக்கோ வளைகுடாவில் வெடித்த மக்கோண்டோ கிணறு சாட்சி. அங்கே கடலின் ஆழம் ஏறத்தாழ 1,500 மீற்றர்; பராக்குடாவின் அளவேதான். 11 பேர் மாண்டார்கள். எண்ணெய் 87 நாட்கள் பீறிட்டது. மன்னாரில் கண்டது பெரும்பாலும் வாயு என்பதால் அந்த அளவு கரும்படலம் எதிர்பார்க்க வேண்டியதில்லை. ஆனால் அந்த ஆழத்தில் கட்டுப்பாடு இழந்த கிணற்றை அடைக்கும் கருவிகள் இலங்கையில் இல்லை. எங்கிருந்து, எத்தனை நாளில் வரும் என்ற ஏற்பாடு ஒப்பந்தத்தின் முதல் பக்கங்களில் இருக்க வேண்டிய விடயம்.

காவிரிப் படுகையின் இந்தியப் பக்கத்திலிருந்தும் கற்கலாம். காரைக்காலில் 1960களில் துளையிடத் தொடங்கிய எண்ணெய், இயற்கை வாயுக் கழகம் பிறகு நரிமணம், குத்தாலம், புவனகிரி என்று பரவியது. அங்கே பாறையைப் பற்றிய அறிவு வளர்ந்தது. மக்களின் நம்பிக்கை வளரவில்லை. 2017 ஜூன் இறுதியில் கதிராமங்கலத்தில் வயலுக்குள் எண்ணெய்க் குழாய் கசிந்தது. அதே ஆண்டு நெடுவாசலில் மக்கள் மாதக்கணக்கில் உட்கார்ந்து போராடினார்கள். 2020இல் தமிழ்நாட்டுச் சட்டமன்றம் டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக அறிவித்துச் சட்டம் இயற்றியது. ஊரிடம் பேசாமல் குழாய் பதித்தால் என்ன ஆகும் என்பதை அந்தப் படுகை அரை நூற்றாண்டு செலவழித்து அறிந்துகொண்டது. மன்னார்ப் படுகை இன்னும் இளமையாக இருக்கும்போதே அதை அறிந்துகொள்ளலாம்.

இன்னொரு கணக்கும் உண்டு. இந்தியாவும் இலங்கையும் 1974இலும் 1976இலும் கடல் எல்லை ஒப்பந்தங்கள் செய்தன. கச்சதீவைப் பற்றியே எப்போதும் பேசப்படும் அந்த ஒப்பந்தங்களில், எல்லைக்கோட்டின் இருபுறமும் பரவிய எண்ணெய் அல்லது வாயுத் தேக்கம் கண்டால் எப்படி எடுப்பது, எப்படிப் பங்கிடுவது என்பதை இரு நாடுகளும் பேசித் தீர்க்க முயல வேண்டும் என்ற விதியும் இருக்கிறது. வளைகுடாவின் இந்தியப் பக்கத்து மீனவரும் இலங்கைப் பக்கத்து மீனவரும் இழுவைமடி விவகாரத்தில் ஒருவரை ஒருவர் எதிரிகளாகப் பார்க்கும் நிலையில், எண்ணெய்க் கம்பனிகளுக்காக எழுதிவைத்த அந்தப் பேச்சுவார்த்தை விதியின் நாகரிகம் மீனுக்கும் வந்தால் நல்லது.

2021இன் பெற்றோலிய வளச் சட்டம் பழைய சட்டத்தை மாற்றி, பெற்றோலிய அபிவிருத்தி அதிகாரசபையை உருவாக்கியது. அளவீட்டுத் தரவும் கிணற்றுப் பதிவுகளும் அதன் பொறுப்பில். தரவை முதலீட்டாளருக்குக் காட்டும் அறைகள் எப்போதும் தலைநகரங்களில்தான் திறக்கும். ஏல அறிவிப்பு வரும் முன், கற்பிட்டியிலும் வண்ணாத்திவில்லிலும் பேசாலையிலும் தமிழிலும் சிங்களத்திலும் ஒவ்வொரு கூட்டமாவது நடக்க வேண்டும். எந்த மாதத்தில் கப்பல் வரும், எந்தக் கடற்பரப்பை மூடுவார்கள், இழப்பீட்டுப் பணம் எந்த வங்கியில் முன்கூட்டியே வைக்கப்படும், கிணறு வெறுமையானால் அதை யார் அடைப்பார்கள் – இந்த நான்குக்கும் அதிகாரிகள் அங்கேயே பதில் எழுதிக் கொடுக்க வேண்டும்.